வழக்கறிஞர் ஆகாமலே சட்டம் பயில்வது: பிற துறையினருக்கான சட்ட முதுகலைப் படிப்பு

அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் பொறுப்பு வகிக்கும் தலைமைச் செவிலியர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். நள்ளிரவில் துப்பாக்கிக் காயத்துடன் ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். சற்று நேரத்தில் காவல் அதிகாரி ஒருவர் வந்து, காயம்பட்டவரின் பெயரையும் மருத்துவக் கோப்பையும் கேட்கிறார். நோயாளிகளின் தகவல்களைக் காக்கும் விதிகளுக்கு அடிப்படையான, 1996இல் இயற்றப்பட்ட ஹிப்பா சட்டத்தைப் பற்றிச் செவிலியருக்குத் தெரியும். பணியிடப் பயிற்சிகளில் அதைப் பலமுறை கேட்டிருக்கிறார். ஆனால் அந்தச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகள், குறிப்பிட்ட சில சூழல்களில் காவல்துறைக்குத் தகவல் தரலாம் என்கின்றன. துப்பாக்கிக் காயத்தைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று பல மாநிலங்களின் சட்டங்கள் சொல்கின்றன. காயம் பற்றிய செய்தியைத் தெரிவிப்பதும் முழுக் கோப்பையும் எடுத்துக் கையில் கொடுப்பதும் ஒன்றா என்பது மூன்றாவது கேள்வி. மருத்துவமனையின் சட்டப் பிரிவு காலை வரை திறக்காது.

இந்தச் செவிலியருக்கு நீதிமன்றத்தில் வாதாடும் எண்ணம் இல்லை. செவிலியர் பணியை விட்டு விலகும் எண்ணமும் இல்லை. தன் அன்றாட வேலையைச் சூழ்ந்திருக்கும் சட்டத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவும், எந்த இடத்தில் ஒரு வழக்கறிஞரை எழுப்பியே ஆக வேண்டும் என்பதை அறிந்துகொள்ளவும்தான் அவர் விரும்புகிறார். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் இத்தகையோருக்காக ஒரு பட்டமேற்படிப்பை நடத்துகின்றன. மனிதவளத் துறையினர், பொறியாளர்கள், மருத்துவமனை நிர்வாகிகள், வங்கிகளில் விதி இணக்கத்தைக் கண்காணிப்பவர்கள், கட்டுமான ஒப்பந்தங்களைக் கையாள்பவர்கள், இதழாளர்கள் எனப் பலரும் அதில் சேர்கிறார்கள். அந்தப் படிப்பு எதைத் தருகிறது, எதைத் தராது என்பதை முதன்முறையாகக் கேள்விப்படும் ஒருவருக்கு விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஒன்றுபோல் ஒலிக்கும் பட்டங்கள்

இந்தப் படிப்பைப் பற்றிய குழப்பத்தில் பாதி அதன் பெயரிலிருந்தே தொடங்குகிறது. ஒரு கல்லூரி இதை மாஸ்டர் ஆஃப் லீகல் ஸ்டடீஸ் என்றும், இன்னொன்று மாஸ்டர் ஆஃப் ஸ்டடீஸ் இன் லா என்றும், வேறொன்று மாஸ்டர் ஆஃப் ஜூரிஸ்புரூடன்ஸ் என்றும், மற்றொன்று ஜூரிஸ் மாஸ்டர் என்றும் அழைக்கிறது. எம்.எல்.எஸ்., எம்.எஸ்.எல்., எம்.ஜே., ஜே.எம். என்ற சுருக்கங்கள் இவற்றைக் குறிப்பவை. இவற்றின் அடிப்படை நோக்கம் ஒன்றே. பாடத்திட்டத்தில் வேறுபாடுகள் உண்டு. ஆனால் அந்த வேறுபாடுகள் கல்லூரிக்குக் கல்லூரி அமைபவை, பெயரைக் கொண்டு அவற்றை ஊகிக்க முடியாது.

இதே வரிசையில் வைத்துக் குழப்பிக்கொள்ளப்படும் வேறு இரண்டு பட்டங்கள் உள்ளன. முதலாவது, அமெரிக்காவில் வழக்கறிஞராக விரும்புவோர் படிக்கும் ஜே.டி. இது முழுநேரமாகப் படித்தால் மூன்றாண்டுப் படிப்பு. அமெரிக்க வழக்கறிஞர் சங்கமான ஏ.பி.ஏ.வின் தரவிதிகளின்படி இதற்குக் குறைந்தது 83 கிரெடிட்டுகள், அதாவது பாட அளவைக் கணக்கிடும் அலகுகள், தேவை. இதை முடித்தவரே பெரும்பாலான மாநிலங்களில் வழக்கறிஞர் உரிமத்துக்கான பார் தேர்வை எழுதலாம். இரண்டாவது, எல்.எல்.எம். அமெரிக்காவைப் பொறுத்தவரை இது ஏற்கெனவே சட்டப் பட்டம் பெற்றவர்கள், குறிப்பாக வேறு நாடுகளில் சட்டம் படித்தவர்கள், மேலும் படிப்பதற்கான பட்டம். ஆனால் இங்கிலாந்தில் சில பல்கலைக்கழகங்கள் சட்டம் படிக்காத பட்டதாரிகளையும் எல்.எல்.எம். வகுப்பில் சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே 'எல்.எல்.எம்.' என்ற மூன்றெழுத்தைக் கேட்டவுடன் அது எந்த நாட்டைச் சேர்ந்தது என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

நாம் பேசவந்த படிப்பு இவ்விரண்டிலும் சேராதது. எந்தத் துறையிலாவது இளங்கலைப் பட்டம் பெற்றிருந்தால் விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான கல்லூரிகள் எல்சாட் நுழைவுத் தேர்வைக் கேட்பதில்லை, பணி அனுபவத்தையே முதன்மையாகப் பார்க்கின்றன. ஏறத்தாழ 30 கிரெடிட்டுகள். முழுநேரமாகப் படித்தால் ஓராண்டு, வேலை பார்த்துக்கொண்டே படித்தால் இரண்டாண்டு அல்லது அதற்குச் சற்று மேல். இன்று இவற்றில் பல, இணையவழியாகவே முடிக்கக் கூடியவை. ஏ.பி.ஏ.வின் தரச்சான்று ஜே.டி. படிப்புக்கு மட்டுமே உரியது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மற்றப் பட்டங்களை நடத்துவதால் ஜே.டி. கல்வியின் தரம் குறைந்துவிடாது என்று கண்டால் அந்தச் சங்கம் அதற்கு இணங்குகிறது. அந்தப் பட்டங்களின் தரத்தை அது எடைபோட்டுச் சான்று வழங்குவதில்லை. 'ஏ.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற சட்டக் கல்லூரி' என்று விளம்பரத்தில் காணப்படும் தொடர் உண்மையானதுதான்; ஆனால் அது கல்லூரியின் ஜே.டி. படிப்பைப் பற்றிய உண்மை.

இதழாளர்களிடமிருந்து தொடங்கிய வழி

வழக்கறிஞர் அல்லாதவர் சட்டக் கல்லூரி வகுப்பில் அமர்வது புதிய வழக்கம் அன்று. நியூயார்க் டைம்ஸ் இதழாளர் ஆந்தனி லூயிஸ் 1956–57ஆம் கல்வியாண்டில், இதழாளர்களுக்கான நீமன் உதவித்தொகை பெற்று ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் படித்தார். அதன்பின் அமெரிக்க உச்ச நீதிமன்றச் செய்திகளை அவர் எழுதிய முறை, அந்தத் துறையில் இதழியலின் தரத்தையே உயர்த்தியது. யேல் சட்டக் கல்லூரி 1970களில் இதழாளர்களை மனத்தில் கொண்டு ஓராண்டு எம்.எஸ்.எல். படிப்பை நடத்தியது. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவித்தொகையில் அங்கே படித்து 1978இல் பட்டம் பெற்ற லிண்டா கிரீன்ஹவுஸ், அதே ஆண்டு நியூயார்க் டைம்ஸ் இதழுக்காக உச்ச நீதிமன்றச் செய்திகளை எழுதத் தொடங்கி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்தப் பணியில் இருந்தார். 1998இல் புலிட்சர் பரிசு பெற்றார். அவர் வழக்கறிஞராக இருந்ததில்லை. ஒரு தீர்ப்பில் எது வழக்கைத் தீர்மானித்த வாசகம், எது நீதிபதி போகிற போக்கில் சொன்ன கருத்து என்று பிரித்தறியத் தெரிந்த செய்தியாளராக இருந்தார். இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

பின்னர் வந்த பெருக்கத்துக்கு வேறு காரணங்கள் உண்டு. நிறுவனங்களின் கணக்குப் பொறுப்பை இறுக்கிய சார்பேன்ஸ்–ஆக்ஸ்லி சட்டம் 2002இல் வந்தது. 2010இல் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டமும் நிதித்துறைக்கான டாட்–ஃபிராங்க் சட்டமும் வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தபோது, கடுமையான மீறலுக்கு 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு வருவாயில் 4 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம் என்ற நிலை உருவாகி, அட்லாண்டிக்குக்கு அப்பால் அமெரிக்காவில் இருந்த நிறுவனங்களையும் தொட்டது. இந்த விதிகளைப் படித்து, அவற்றுக்கு ஏற்ப நடைமுறைகளை அமைத்து, ஒவ்வொரு நாளும் கண்காணிக்கும் வேலைகளைப் பெரும்பாலும் வழக்கறிஞர் அல்லாதவர்களே செய்கிறார்கள்.

இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் ஜே.டி. முதலாண்டில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை 2010இல் சுமார் 52,000 ஆக இருந்து, 2014இல் 38,000க்கும் கீழே இறங்கியது. காலியான இருக்கைகளையும் குறைந்த வருமானத்தையும் ஈடுசெய்ய வேறு மாணவர்களைத் தேடும் தேவை கல்லூரிகளுக்கு எழுந்த காலமும் இந்தப் பட்டங்கள் பெருகிய காலமும் ஒன்றே. இதனால் படிப்பே வீண் என்று ஆகிவிடாது. நார்த்வெஸ்டர்ன் சட்டக் கல்லூரி 2014இல் அறிவியல், தொழில்நுட்பத் துறையினருக்காகத் தொடங்கிய எம்.எஸ்.எல். போல, தன் மாணவர் யார் என்று தெளிவாக எண்ணிப் பார்த்து வகுக்கப்பட்ட படிப்புகளும் இந்தக் காலத்தில்தான் பிறந்தன. ஆனால் ஒரு படிப்பு தன் மாணவருக்காக வகுக்கப்பட்டதா, கல்லூரியின் வரவு செலவுக்காக வகுக்கப்பட்டதா என்ற கேள்வியை விண்ணப்பிப்பவர் மனத்தில் வைத்திருப்பது அவருக்கு நல்லது.

வகுப்பில் என்ன நடக்கிறது

முதலில் கற்பிக்கப்படுவது சட்டத்தின் அடுக்கு. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் 'சட்டம்' என்பது ஒரே நூலாகத் தோன்றுகிறது. உண்மையில் அரசமைப்புச் சட்டம், பேரவை இயற்றிய சட்டம், அந்தச் சட்டத்தின்கீழ் அரசுத் துறை வகுத்த ஒழுங்குவிதி, அந்தத் துறை வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்பு, இவை எல்லாவற்றையும் பொருள்கொண்டு நீதிமன்றங்கள் தந்த தீர்ப்புகள் எனப் பல அடுக்குகள் உள்ளன. அமெரிக்காவில் இவை கூட்டாட்சிக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என இரட்டையாகவும் இருக்கின்றன. ஒரு மனிதவள அலுவலர் தம் கையிலுள்ள தாளைப் பார்த்து, இது எந்த அடுக்கைச் சேர்ந்தது, இதற்கு மேலே என்ன இருக்கிறது, இது என்னைக் கட்டுப்படுத்துமா அல்லது வழிகாட்டுவதோடு நின்றுவிடுமா என்று கேட்கத் தொடங்கும்போதே படிப்பின் முதல் பயன் கிடைத்துவிடுகிறது.

அடுத்தது சொற்களைப் படிக்கும் பழக்கம். தமிழில் 'தெரிவிக்கலாம்' என்பதற்கும் 'தெரிவிக்க வேண்டும்' என்பதற்கும் உள்ள வேறுபாடு எவருக்கும் தெரியும்; ஆனால் ஐம்பது பக்க ஒழுங்குவிதியின் நடுவில், மூன்று விதிவிலக்குகளுக்கும் ஒரு குறுக்குக் குறிப்புக்கும் பின்னால் அந்த ஒரு விகுதி வரும்போது, களைத்த கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. அந்த விதி எந்தச் சொல்லுக்குத் தனியாகப் பொருள் வரையறுத்திருக்கிறது, எந்தச் சொல்லை வரையறுக்காமல் விட்டிருக்கிறது, 'மற்றும்' என்று இருக்கிறதா 'அல்லது' என்று இருக்கிறதா என்பவற்றைக் கவனித்துப் படிப்பது பயிற்சியால் வருவது. வேகமாகப் படிக்கக் கற்றவர்கள் இங்கே மெதுவாகப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

படிப்பின் உயிர்நாடி என்று நான் கருதுவது, தீர்ப்புகளைப் படிக்கும் முறை. ஹார்வர்டில் 1870இல் சட்டக் கல்லூரித் தலைவரான கிறிஸ்டோபர் கொலம்பஸ் லேங்டெல், விதிகளை மனப்பாடம் செய்விப்பதற்குப் பதிலாக உண்மையான தீர்ப்புகளை மாணவர் கையில் கொடுத்து, அவற்றிலிருந்து விதியைப் பிழிந்தெடுக்கச் சொன்னார். ஆசிரியர் விளக்கவுரை ஆற்றுவதில்லை, கேள்வி கேட்கிறார். அமெரிக்கச் சட்டக் கல்வி இன்றும் பெருமளவுக்கு இந்த முறையில்தான் இயங்குகிறது. இது எப்படி இருக்கும் என்பதை ஒரு வழக்கைக் கொண்டு பார்ப்போம்.

1928 மார்ச் மாதம், வர்ஜீனியாவிலிருந்து நியூயார்க்கை நோக்கி நிலக்கரி ஏற்றிய மிதவைகளை இழுவைப் படகுகள் கடல்வழியே இழுத்துச் சென்றன. நியூஜெர்சிக் கடலோரத்தில் புயலில் சிக்கி இரண்டு மிதவைகள் மூழ்கின. புயல் எச்சரிக்கை வானொலியில் முன்கூட்டியே ஒலிபரப்பாகியிருந்தது. அதைக் கேட்டிருந்தால் படகுகள் துறைமுகத்தில் ஒதுங்கியிருக்கலாம். ஆனால் அந்தப் படகுகளில் இயங்கும் வானொலிப் பெட்டி இல்லை. இழப்பீடு கேட்டபோது படகு உரிமையாளர் தரப்பு எடுத்துக்காட்டியது தொழில் வழக்கத்தை: கரையோரப் படகுகளில் வானொலி வைக்கும் வழக்கமே அப்போது பரவலாக இல்லை, எல்லாரும் எப்படி நடந்தார்களோ அப்படித்தான் நாங்களும் நடந்தோம். டி.ஜே. ஹூப்பர் என்ற அந்த இழுவைப் படகின் பெயரால் வழங்கும் இந்த வழக்கில், 1932இல் மேல்முறையீட்டு நீதிபதி லேர்னட் ஹேண்ட் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஒரு தொழில் முழுவதுமே, எளிதில் கிடைக்கும் புதிய கருவியை ஏற்றுக்கொள்வதில் பின்தங்கிப்போயிருக்கலாம். எது போதிய கவனம் என்பதைக் கடைசியில் சொல்ல வேண்டியது நீதிமன்றமே என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பைப் படிக்கும் ஒரு பொறியாளர் முதலில் திடுக்கிடுவார் என்று நினைக்கிறேன். 'தொழிலில் எல்லாரும் பின்பற்றும் தரம்' என்பதே போதிய பாதுகாப்பு என்று நம்பிப் பல ஆண்டுகள் வேலை செய்தவர் அவர். அங்கிருந்து ஆசிரியரின் கேள்விகள் தொடங்கும். அந்தப் பெட்டியின் விலை பல மடங்கு அதிகமாக இருந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமா? எச்சரிக்கை ஒலிபரப்பே நம்பத்தகாததாக இருந்திருந்தால்? அந்தத் தொழிலில் ஒருவர்கூட வானொலி வைத்திருக்கவில்லை என்றால்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிகழ்வுக்கூறு மாறுகிறது; எந்த மாற்றம் முடிவைப் புரட்டுகிறது, எது புரட்டவில்லை என்று பார்த்துப் பார்த்துத்தான் அந்தத் தீர்ப்பின் விதி எதில் நிற்கிறது என்பது புலப்படுகிறது. மென்பொருள் பாதுகாப்புத் திருத்தத்தைத் தாமதப்படுத்தும் நிறுவனம், புதிய சோதனைக் கருவியை வாங்காத மருத்துவமனை என்று இன்றைய நிகழ்வுகளை இதே சட்டகத்தில் வைத்துப் பார்ப்பது அதன்பின் தானாகவே வருகிறது.

ஒப்பந்தச் சட்டத்துக்கும் இப்படிப் புகழ்பெற்ற வழக்குகள் உண்டு. வர்ஜீனியாவில் 1952 டிசம்பரில் ஓர் உணவகத்தில், ஸேமர் என்பவர் தம் பண்ணையை 50,000 டாலருக்கு லூசி என்பவருக்கு விற்பதாக உணவகச் சீட்டின் பின்புறத்தில் எழுதி, தம் மனைவியையும் கையொப்பமிட வைத்துக் கொடுத்தார். பிறகு, மது அருந்தியிருந்தேன், விளையாட்டாக எழுதினேன் என்றார். லூசி வழக்குத் தொடுத்தார். 1954இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லும் என்றது. ஒருவர் உள்ளத்தில் என்ன நினைத்தார் என்பதைவிட, அவர் சொல்லும் செயலும் நியாயமாகச் சிந்திக்கும் எதிராளிக்கு என்ன பொருள் தந்தன என்பதே கணக்கு. 'இது முறையான ஒப்பந்தம் அன்று, வெறும் மின்னஞ்சல்தானே' என்று கொள்முதல் பிரிவில் சொல்லிப் பழகியவர்கள் இந்த வழக்கை ஒருமுறை படித்துவிட்டால் மின்னஞ்சல் எழுதும் விதமே மாறிவிடும்.

முதுகலை மாணவருக்கான அடிப்படைப் பாடங்கள் இவ்வாறு ஒப்பந்தம், கவனக்குறைவு முதலிய தீங்குகளுக்கான பொறுப்பு, அரசமைப்பு, நிர்வாகச் சட்டம், சட்ட ஆய்வும் எழுத்தும் என அமைகின்றன. மீதி கிரெடிட்டுகள் அவரவர் துறைக்கு: மருத்துவம், தரவுத் தனியுரிமை, வேலைவாய்ப்பு, அறிவுசார் சொத்துரிமை, சுற்றுச்சூழல், நிதி ஒழுங்குமுறை. இந்தப் பட்டியலை எந்தக் கல்லூரியின் கையேட்டிலும் காணலாம் என்பதால் இங்கே விரிக்கவில்லை.

பணியிடத்தில் அது எப்படித் தெரிகிறது

நள்ளிரவுச் செவிலியரிடம் திரும்புவோம். படித்து முடித்த பின்பும் அவர் விடையை மனப்பாடமாகச் சொல்லிவிட மாட்டார். ஆனால் அதிகாரி கேட்டதை அவரால் பிரிக்க முடியும். மாநிலச் சட்டம் கட்டாயமாக்கும் தகவல் எது? கூட்டாட்சி விதி அனுமதிக்கும் தகவல் எது? நீதிமன்ற ஆணை போன்ற ஆவணம் இருந்தால் மட்டும் தரக்கூடியது எது? முதலாவதைத் தெரிவித்து, மற்றவற்றுக்கு ஆவணம் கேட்டு, நடந்ததை நேரத்துடன் குறித்துவைத்து, இரவுப் பணியில் அழைக்கக் கூடிய சட்ட ஆலோசகர் எண் ஏன் இல்லை என்று மறுநாள் நிர்வாகத்திடம் கேட்பார். அந்தக் கடைசிக் கேள்வியை நான் பெரிதாக மதிக்கிறேன். சட்டம் படித்த நிர்வாகி தரும் பெரும் பயன், தனி நிகழ்வுக்கு விடை காண்பதைவிட, அடுத்த நிகழ்வு சிக்கலாகாதபடி நடைமுறையை அமைப்பதில் இருக்கிறது.

மனநலப் பணியாளர்களுக்கு இதே பாடம் வேறொரு வழக்கின் வழியே வருகிறது. ஒருவரைக் கொல்லப்போவதாகச் சிகிச்சையில் சொன்னவர் பின்னர் உண்மையிலேயே அவ்வாறு செய்த துயரத்தையடுத்து, கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976இல் டாரசாஃப் வழக்கில், ஆபத்தில் இருக்கும் மூன்றாம் நபரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதன்பின் சில மாநிலங்கள் எச்சரிப்பதைக் கட்டாயக் கடமையாக்கின. சில மாநிலங்கள் எச்சரிக்கலாம் என்று அனுமதி மட்டும் தந்தன. மாநில எல்லையைத் தாண்டி வேலை மாறும் ஓர் ஆலோசகருக்கு அந்த 'வேண்டும்'–'லாம்' வேறுபாடு ஓர் உயிர் பற்றிய வேறுபாடு.

வழக்கறிஞருடன் பேசும் விதமும் மாறுகிறது. நிறுவனத்தின் வழக்கறிஞர் ஊழியரிடம் விசாரிக்கும்போது யாருக்காகப் பேசுகிறார்? அப்ஜான் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981இல் தந்த தீர்ப்பின்படி, சட்ட ஆலோசனைக்காக நிறுவன வழக்கறிஞரிடம் ஊழியர்கள் சொல்பவையும், அவர்கள் மேல்மட்ட அலுவலர்களாக இல்லாவிட்டாலும், இரகசியப் பாதுகாப்புப் பெறலாம். ஆனால் அந்தப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு உரியது; ஊழியருக்கு உரியதன்று. நிறுவனம் விரும்பினால் அதை விட்டுக்கொடுக்கலாம். பாதுகாக்கப்படுவது உரையாடல், நடந்த உண்மைகள் அல்ல. இதை அறியாத மேலாளர்கள், ஒரு மின்னஞ்சலின் நகலை வழக்கறிஞருக்கு அனுப்பிவிட்டாலே அது இரகசியமாகிவிடும் என்று நம்பி, எழுதக் கூடாதவற்றை எழுதிவிடுகிறார்கள். அது அவ்வாறு ஆகாது என்பதை வகுப்பில் கற்பது, நீதிமன்றத்தில் கற்பதைவிட மலிவு.

எல்லைக்கோடு

இந்தப் பட்டம் பெற்றவர் வழக்கறிஞர் ஆவதில்லை. பார் தேர்வு எழுதும் தகுதியை இது தராது. பிறருடைய குறிப்பிட்ட சிக்கலுக்குச் சட்ட ஆலோசனை கூறுவதும், அவருக்காக நீதிமன்றத்தில் நிற்பதும் உரிமமின்றிச் சட்டத்தொழில் செய்வதாகும். அமெரிக்க மாநிலங்கள் அதைத் தடைசெய்திருக்கின்றன, பலவற்றில் அது குற்றமும்கூட. 'நம் ஊழியர் கையேட்டின் இந்தப் பகுதி இப்படிச் சொல்கிறது' என்று விளக்குவது மனிதவள அலுவலரின் வேலை. 'உங்களைப் பணிநீக்கியது சட்டவிரோதம், வழக்குப் போட்டால் வெல்வீர்கள்' என்று நண்பருக்குச் சொல்வது அந்தக் கோட்டை நெருங்குகிறது. அதற்குக் கட்டணம் பெற்றால் ஐயத்துக்கே இடமில்லை. அரைகுறையாகத் தெரிந்தவரின் துணிச்சல், ஒன்றும் தெரியாதவரின் தயக்கத்தைவிட ஆபத்தானது என்பதால், நல்ல கல்லூரிகள் இந்த எல்லையை முதல் பருவத்திலேயே கற்பிக்கின்றன.

விதிவிலக்குகள் சில உண்டு, அவை குறுகியவை. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம், அறிவியல் அல்லது தொழில்நுட்பப் பின்னணி உள்ளவர்கள் தன் தேர்வில் தேறினால், வழக்கறிஞராக இல்லாவிட்டாலும் காப்புரிமை முகவராகத் தன் முன் பணியாற்ற அனுமதிக்கிறது. இதை மாநிலம் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1963இல் ஸ்பெர்ரி வழக்கில் முடிவுசெய்தது. அந்த உரிமத்தைத் தருவது தேர்வுதான், சட்ட முதுகலைப் பட்டம் அன்று. ஆனால் அந்த வழியில் செல்லும் வேதியியலாளருக்கோ மின்பொறியாளருக்கோ படிப்பு உதவும். அரிசோனா மாநிலம் 2021 முதல், வரையறுக்கப்பட்ட சில வகை வழக்குகளில் பணியாற்றும் உரிமம் பெற்ற சட்டத் துணைப் பணியாளர்களை அனுமதிக்கிறது. அதற்கான கல்வித் தகுதிகளுள் ஒன்றாகச் சட்ட முதுகலையும் ஏற்கப்படுகிறது, ஆனால் அதற்கு மேலும் நிபந்தனைகளும் தேர்வும் உண்டு.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

வழக்கறிஞராக வேண்டும் என்ற ஆசை உள்ளத்தின் ஓரத்தில் இருந்தால் இந்தப் படிப்பில் சேர வேண்டாம் என்றே சொல்வேன். இங்கே பெறும் கிரெடிட்டுகளைப் பின்னர் ஜே.டி. படிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடியும். அதேபோல், தேவை ஒரே துறையில், ஒரே பொருளில் மட்டும் என்றால் முதுகலைப் பட்டம் மிகையாகலாம். தரவுத் தனியுரிமையில் வேலை செய்பவருக்கு ஐ.ஏ.பி.பி. என்ற தனியுரிமைத் துறையினரின் பன்னாட்டு அமைப்பு வழங்கும் சி.ஐ.பி.பி. சான்றிதழ் குறைந்த காலத்தில், குறைந்த செலவில், வேலை தருபவர் உடனே அடையாளம் காணும் தகுதியாக அமையக்கூடும். பல விதிகள் ஒன்றோடொன்று மோதும் பொறுப்பில் இருப்பவருக்கும், அத்தகைய பொறுப்புக்கு உயர விரும்புபவருக்கும்தான் பட்டத்தின் முழுப் பயன் கிட்டும்.

கல்லூரியிடம் கேட்க வேண்டியவற்றில் முதன்மையானது: ஜே.டி. மாணவர்களுடன் ஒரே வகுப்பில் அமர்வேனா, தனி வகுப்பா? இரண்டிலும் நன்மை உண்டு. சேர்ந்து அமர்ந்தால் வழக்கறிஞர்கள் சிந்திக்கும் முறையை அருகிலிருந்து காணலாம். தனி வகுப்பில் உங்கள் துறையின் சிக்கல்களே பாடமாகும். யார் கற்பிக்கிறார்கள், எழுதியதைத் திருத்தித் தருகிறார்களா என்பது அடுத்த கேள்வி. சட்டத்தைப் படிப்பதற்கும் எழுதுவதற்கும் பயிற்சி தராமல், பதிவு செய்யப்பட்ட உரைகளும் பல்தேர்வு வினாக்களும் மட்டும் கொண்ட படிப்பில் மேலே சொன்ன கேள்வி–பதில் பயிற்சி கிடைக்க வழியில்லை. கட்டணத்தைக் கிரெடிட்டுக் கணக்கில் கேட்டு, மொத்தமாகப் பெருக்கிப் பாருங்கள்; அமெரிக்க வரிச்சட்டத்தின் 127ஆம் பிரிவு, வேலை தருபவர் ஊழியரின் கல்விக்குத் தரும் உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வருமான வரியிலிருந்து நீண்ட காலமாக விலக்களித்து வந்துள்ளது என்பதால், நிறுவனத்தின் கல்வி உதவித் திட்டத்தையும் விசாரியுங்கள். உங்கள் துறையில் நீங்கள் விரும்பும் பதவியில் இருக்கும் இருவர் மூவரிடம், இந்தப் பட்டம் உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று நேரடியாகக் கேட்பது, எந்தக் கையேட்டையும்விட உதவும்.

கற்ற சட்டம் மாறிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் பலருக்கு உண்டு. அது மாறத்தான் செய்யும். பேரவை இயற்றிய ஒரு சட்டத்தின் பொருள் ஐயமாக இருந்தால் அரசுத் துறை தரும் நியாயமான விளக்கத்தை நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்று ஷெவ்ரான் வழக்கில் 1984இல் தோன்றிய கோட்பாட்டை, நாற்பது ஆண்டுகள் நிர்வாகச் சட்ட வகுப்புகளில் கற்பித்தார்கள். 2024இல் லோப்பர் பிரைட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கைவிட்டது. பழைய கோட்பாட்டை மனப்பாடம் செய்தவருக்கு அன்றோடு அந்தப் பாடம் முடிந்தது. சட்டத்தின் அடுக்குகளைப் புரிந்துகொண்டவரோ புதிய தீர்ப்பை எடுத்துப் படித்து, தம் நிறுவனம் நம்பியிருந்த துறை விளக்கங்களுள் எவற்றுக்கு இனிப் பழைய பலம் இல்லை என்று பட்டியலிட்டு, அதை வழக்கறிஞரிடம் எடுத்துச் சென்றிருப்பார்.

விண்ணப்பிக்கலாமா என்று இன்னும் தயங்குபவர், செலவில்லாத ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். டி.ஜே. ஹூப்பர் தீர்ப்பு இணையத்தில் எவரும் படிக்கக் கிடைக்கிறது; நீளமானதும் அன்று. அதை இருமுறை படித்து, நடந்தது என்ன, எழுந்த கேள்வி என்ன, நீதிமன்றம் சொன்ன விதி என்ன, அந்த விதி இந்த நிகழ்வில் எப்படிப் பொருந்தியது என்று அரைப் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு உங்கள் வேலையிடத்தில், 'எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்' என்று சொல்லி விட்டுவைத்திருக்கும் ஒரு நடைமுறையை அந்தப் படகின் இடத்தில் வைத்து, இன்னொரு அரைப் பக்கம் எழுதுங்கள். எழுதி முடித்ததும் அடுத்த தீர்ப்பைத் தேடத் தோன்றினால், விண்ணப்பப் படிவத்தைத் திறக்கலாம்.